தீனி ஜீப்பின் ஹாரன்

திறந்தவெளி மிருகக்காட்சிசாலையில் பேருந்து ஓட்டுபவருக்கு வீட்டில் ராஜ மரியாதை. பின்னே இருக்காதா? "நான் குரல் கொடுத்தா சிங்கம் எழுந்து வரும்" என்று கல்யாணமான புதிதில் அவர் அவிழ்த்துவிட்டதை மனைவி இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தாள். நம்பியதோடு விட்டாளா, தங்கை வீட்டிலும் போய்ப் பெருமையடித்துவிட்டாள். தங்கை புருஷன் வங்கி மேலாளர். எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாத ரகம். "சகலை, ஞாயித்துக்கிழமை நாங்களும் வர்றோம். கூப்பிடுங்க உங்க சிங்கத்தை, பாத்துடலாம்" என்று போனில் சொல்லிவிட்டார்.

"வாங்க, வாங்க" என்று சொல்லி ஓட்டுநர் போனை வைத்தார். அந்தச் சிங்கங்கள் அவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவை எழுந்து வருவது இறைச்சி கொண்டுவரும் தீனி ஜீப்பின் ஹாரனுக்கு மட்டும்தான். இரண்டு குட்டை, ஒரு நீளம் அடித்தால் எங்கே படுத்திருந்தாலும் ஓடிவரும். எனவே ஞாயிறு காலை பணிமனையில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஜீப்பின் ஹாரனைக் கழற்றித் தன் பேருந்தில் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் தீனி நேரத்துக்குள் திருப்பி மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

சிங்க வேலிக்குள் நுழைந்ததும் மைக்கைப் பிடித்து, "வாங்கடா செல்லங்களா!" என்றார். "அசந்து தூங்குதுங்க போல" என்று சொல்லிக்கொண்டே ஹாரனை அமுக்கினார்.

அம்மாடி! புதருக்குள்ளிருந்து ஐந்து சிங்கங்கள் ஓடிவந்தன. பேருந்துக்குள் ஒரே கைதட்டல். மனைவி தன் தங்கையைப் பார்த்தாள் பாருங்கள் ஒரு பார்வை, அதற்காகவே இன்னும் பத்து ஹாரன் கழற்றலாம். மேலாளரும் சேர்ந்து கைதட்டினார்.

வந்தவை போகவில்லை. இறைச்சி வராமல் ஏன் போகும்? ஒன்று முன்சக்கரத்தை ஒட்டிக் காலை நீட்டிப் படுத்தேவிட்டது. விலங்கு ஒட்டி இருக்கும்போது வண்டியை நகர்த்தக் கூடாது என்பது அங்கே சட்டம். வெயில் ஏறியது, பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்தார்கள்.

"ஏங்க, வரச் சொன்னீங்க, வந்துச்சு. இப்பப் போகச் சொல்லுங்க" என்றாள் மனைவி, முழு நம்பிக்கையோடு.

அந்த நம்பிக்கைதான் அவரைக் கொன்றது. மைக்கில் கொஞ்சினார், கெஞ்சினார். சக்கரத்தடியில் கிடந்தது கொட்டாவி விட்டது. வேறு வழியில்லாமல் வயர்லெஸ்ஸில் தீனி ஜீப்பைக் கூப்பிட்டார்.

ஜீப் வந்து தூரத்தில் நின்றது. சத்தமே இல்லை. சிங்கங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயர்லெஸ் கரகரத்தது.

"அண்ணே, ஹாரன் அடிச்சாத்தானே இதுங்க அசையும்? என் வண்டியில ஹாரனையே காணோம்! எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். ஆமா, கொஞ்சம் முன்னாடி உங்க பக்கம் அடிச்சது எங்க ஹாரன் மாதிரியே இருந்துச்சே?"

பேருந்து முழுக்கக் கேட்டது. மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜீப்காரர் இறைச்சியை அள்ளி வீசி, வாடை பிடித்துச் சிங்கங்கள் நகரும்வரை மேலாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டுநருக்கு அதுதான் பயமாக இருந்தது.

பயந்தது சரிதான். இப்போதெல்லாம் மேலாளர் வீட்டுக்கு வந்தால் அழைப்புமணியைத் தொடுவதே இல்லை. வாசலில் காரை நிறுத்தி அடிக்கிறார்: இரண்டு குட்டை, ஒரு நீளம்.

"ஏங்க, உங்களைத்தான்" என்கிறாள் மனைவி, சமையலறையிலிருந்து.

அவரும் எழுந்து போகிறார்.