சோளத்துக்குக் காவல் வைத்த கல்

சோலைமலை பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம், "லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வாரான், ஓரமாவே போங்க" என்பாள் மனைவி ஜக்கம்மாள். அவரும் சொல் தட்டாமல் மொபெட்டை வெள்ளைக்கோட்டுக்கு வெளியேதான் ஓட்டுவார்.

அன்றும் மல்லிகை மூட்டையோடு இருள் பிரியுமுன் அப்படித்தான் போனார். ஊர் எல்லையில் கல் தட்டி விழுந்தவர் எழவேயில்லை.

சாலையோரம் மக்காச்சோளம் காயப்போட்டால், வண்டி ஏறிவிடாமல் சுற்றிலும் கல் வைப்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் சோளத்தை அள்ளிய பிறகும் கற்கள் அங்கேயே கிடந்திருக்கின்றன.

"எந்தப் பாவி எடுக்காமப் போனான்? அவன் கை வெளங்குமா?" என்று துக்கத்துக்கு வந்த சனம் மண்ணை வாரித் தூற்றியது.

ஜக்கம்மாளின் அழுகை சட்டென்று நின்றது. 'நாளைக்கும் காயப்போடணும், கெடக்கட்டும்' என்று விட்டுவந்தது அவள்தான்.