பாதிப் படம்

சென்னையில் விஜயகுமாரிக்கு மூன்று கை என்று கேலி செய்வார்கள். ஒன்று பள்ளிகளுக்கு வாரிக் கொடுக்கும். இன்னொன்று ஆவணப்படம் எடுக்கும். மூன்றாவது, மண்ணையும் மனிதரையும் கெடுக்காத தொழிலாகத் தேடித் தேடி முதலீடு செய்யும். நிலக்கரி என்றால் அந்த மூன்றாவது கை முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

இத்தனைக்கும் அவள் வளர்ந்தது நெய்வேலி குவார்ட்டர்ஸில், அப்பா இசக்கிமுத்து சுரங்கத்தில் சம்பாதித்த சோற்றில். அதனால்தான் நிலக்கரியைப் பற்றிய புதுப் படத்தை முதலில் இங்கே காட்ட வந்தாள். உலகம் என்ன சொன்னாலும் கவலையில்லை. தின்ற சோற்றை மறந்தவள் என்று இந்த ஊர் மட்டும் சொல்லிவிடக் கூடாது.

மதியம் படம் போட்டார்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். பாதியில் திரையில் அவளே தோன்றி, நிலக்கரியில் ஒரு ரூபாய்கூடப் போட மாட்டேன் என்றாள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. வரிசை வரிசையாக எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

தின்ற சோற்றை மறந்தவள் என்று ஊர் சொல்லிவிட்டதாகவே விஜயகுமாரி நினைத்தாள். படத்தை நிறுத்தச் சொன்னாள். பக்கத்திலிருந்த அப்பா அவளை விநோதமாகப் பார்த்தார்.

"ஏட்டி, செகண்ட் ஷிஃப்ட் பஸ் வந்துட்டுல்லா. வேலைக்குப் போவ வேண்டாமா?"

அந்த பஸ் சத்தத்தை வைத்தே மணி சொல்லி வளர்ந்தவள் அதை மறந்திருந்தாள். வெட்கமாக இருந்தது, போன உயிர் திரும்பி வந்ததுபோலவும் இருந்தது.

சாப்பிட்டுவிட்டுச் சாமான்களை மூட்டை கட்டும்போது மண்டப வாசலில் புதிதாக ஒரு கூட்டம். முதல் ஷிஃப்ட் முடிந்து, உடம்பெல்லாம் கரித்தூளோடு வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் அய்யனார். பக்கத்து மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வந்தவர்கள் வேலையை வாங்கிக்கொண்டு, பார்த்த பாதிக் கதையை இவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

"மீதிய நாங்க பாத்துக்கினு போயி அவங்களுக்குச் சொல்லணுங்க" என்றார்.

மீதிப் படம் ஓடியது. எல்லாரும் கைதட்டினார்கள். அய்யனார் மட்டும் உட்கார்ந்தபடியே யோசித்தார்.

"நிலக்கரியில காசு போட மாட்டேன்னீங்க, சரிங்க. நாளைக்கு அது நின்னுபூட்டா பர்மனெண்ட் ஆளுங்களுக்கு ஏதோ ஒண்ணு கெடைக்கும். எங்க மேல யாருங்க காசு போடுவாங்க?"

இத்தனை வருஷம் விஜயகுமாரி எங்கே போடக் கூடாது என்று பார்த்தாளே தவிர, எங்கே போட்டாக வேண்டும் என்று பார்க்கவில்லை. அது சுருக்கென்று தைத்தது.

பதில் தன்னிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டாள். படமும் முடியவில்லை, மீதியை உங்கள் வீட்டில் வந்து எடுக்கலாமா, வழியையும் அங்கேயே சேர்ந்து தேடலாமா என்று கேட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு.

"நாளைக்கு உங்களுக்கு எந்த ஷிஃப்டுங்க?"