பெரிய சாரின் இருமல்

...வந்துவிட்டது, தொண்டைக்குழியில் எறும்பு ஊர்வதுபோல, இல்லை, எறும்புகூட இல்லை, எறும்பின் மீசை, ஒரே ஒரு இருமல் இருமினால் போய்விடும், உலகத்தில் யார்தான் இருமவில்லை, ஆனால் இந்த வகுப்பில், இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தமிழ் டீச்சர் இருமக் கூடாது, இங்கே இருமலுக்குச் சொந்தக்காரர் வேறு ஆள், அவர் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது... எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். காலையில் கணவனிடம் தொண்டை கரகரக்கிறது என்று சொன்னதற்கு, "பேசாம இரு, சரியாயிடும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றான், வைத்தியம் சொல்கிற மூஞ்சியைப் பார். எதிரே பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள், பக்கம் புரளும் சத்தம் மட்டும், இப்படி ஒரு வகுப்பு கிடைக்கத் தவம் கிடக்கும் டீச்சர்கள் எத்தனை பேர். அவளும் ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். டீச்சரும் வாசிக்க வேண்டும், அதுவும் அவர் போட்ட சட்டம்தான்.

பெரிய சார் கட்டிய வீடு இந்த வகுப்பு, இவள் குடிவந்தவள், ஆணி அடிக்கக்கூடப் பயம். ஆரம்பத்தில் ஒரு கொட்டாவி நேரத்துக்குத்தான் வாசிக்க விட்டாராம், பிறகு பிள்ளைகளுக்கே தெரியாமல் அதை நீட்டி நீட்டி, கடைசியில் வகுப்பே புத்தகத்துக்குள் இறங்கிவிட்டால் ஏறி வராத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். புத்தகப் பெட்டியிலிருந்து பிடித்ததை எடுக்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பி வைக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். அப்புறம் எழுத வேண்டும். என்ன எழுதட்டும் சார் என்றால், "என்னைக் கேட்டா? உன் தலைக்குள்ள நானா இருக்கேன்?" வாசிப்பு முடிந்து எழுத்து தொடங்க மணி கிடையாது, கைதட்டல் கிடையாது, அவர் இருமுவார், அவ்வளவுதான், புத்தகங்கள் மூடும், பென்சில்கள் எழும். அப்போது பக்கத்து வகுப்பு இவளுடையது, நடுவில் ஒரு சுவர், அவர் இருமினால் பாதிப் பாடம் முடிந்தது என்று அர்த்தம், கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்ததாகவே நினைவில்லை. "சார், உங்க மணி இன்னிக்கு லேட்டு" என்று ஆசிரியர் அறையில் எல்லாரும் கிண்டலடிப்பார்கள், "சாவி குடுக்க மறந்துட்டேம்மா" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். பிறகு ஆஸ்பத்திரியில், எவ்வளவு காலமா இந்த இருமல் என்று கேட்டார்களாம். பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்ட இருமல், ஒருவர் காதிலாவது அது இருமலாக விழுந்ததா?

அவளும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். சின்ன மணி ஒன்று வாங்கி வந்து அடித்தாள், விலாசம் மாறி வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் மறுபடி குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு மணி வேண்டாம், டீச்சரே வேண்டாம். ஒரு கட்டத்தில் பக்கம் புரளும் சத்தம் தானாக நிற்கும், எல்லாரும் லேசாகத் தலை தூக்குவார்கள், இருமல் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கடந்து போகும், அதைக் கேட்டு முடித்துவிட்டுப் பென்சிலை எடுப்பார்கள்... அந்தக் கணத்தில் அவளுக்குக் கைமயிர் சிலிர்க்கும், ஒவ்வொரு நாளும். முணுமுணு என்கிற பெண் மட்டும் பென்சிலை எடுக்கமாட்டாள். வாசிக்கும்போது உதடு அசைப்பதால் அந்தப் பெயர், தாளைத் தடவித் தடவி நேராக்குவாள், அப்படியே வெள்ளையாக மடித்து வைப்பாள், அவர் போனதிலிருந்து ஒரு எழுத்து எழுதவில்லை. தலைமையாசிரியை நேற்றே சொல்லிவிட்டார், "நீங்க பாசம் காட்டினது போதும். நாளைக்கு வகுப்பு முடியறப்ப வந்து பார்ப்பேன். அப்பவும் வெறுந்தாள்னா, போர்டைப் பார்த்து எழுதவைக்கிற வகுப்புக்கு மாத்திடறேன். நாலு வரியாவது வரும்ல?" வரும், நாலு வரி வரும், அந்த நாலு வரிக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குள் எதுவும் வராது, அது இவளுக்குத் தெரியும், தெரிந்து என்ன, இப்போது தொண்டையில் எறும்பின் மீசை எறும்பாகி, எறும்பு குடும்பத்தோடு நடக்கிறது, கண்ணில் நீர் முட்டுகிறது, மூச்சைப் பிடி, புத்தகத்தில் ஒரே வரியை எத்தனை முறை படிப்பாய், வெளியே ஓடிவிடலாமா, கதவு கிறீச்சிடுமே...

இருமிவிட்டாள்.

புத்தகங்கள் மூடின. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, பென்சில்கள் தாளில் இறங்கிவிட்டன, அத்தனை சுலபமாக, யார் தொண்டை என்று கேள்வியே இல்லாமல். கடவுளே, இவ்வளவுதானா, மணிக்குக் கொடுத்த காசு தண்டம் என்று ஒரு பக்கம் மனசு சிரித்தது, மறு பக்கம் முதுகு ஜில்லிட்டது, தன் வாயால் இருமியது யார்... முணுமுணு எழுந்து மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், ரெண்டாவது?"

"என்ன ரெண்டாவது?"

"சார் முதல்ல இருமறது தொண்டைக்கு. அப்புறம் சின்னதா ஒண்ணு இருமுவார், அதுதான் எங்களுக்கு. இதுங்கல்லாம் அவசரக்குடுக்கை, முதல்லயே ஆரம்பிச்சிடும்." அவள் மேசை விளிம்பைச் சுரண்டினாள். "இப்ப உங்களுக்கு வந்தது தொண்டைக்குத்தானே?"

"ஒண்ணுமில்லடா கண்ணு. நீ போய் எழுது."

"சாரும் அப்படித்தான் சொன்னார்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை, மழை பெய்தது என்பதுபோல. "அவர்கிட்டயும் கேட்டியா?" "கேட்டேன். ஒண்ணுமில்ல, போய் எழுதுன்னார். போய் எழுதிட்டேன்." ஆக, இத்தனை பெரிய பள்ளிக்கூடத்தில் ஒரு காது கேட்டிருக்கிறது, சுவருக்கு இந்தப் பக்கம் இரண்டு இருமல், அந்தப் பக்கம் இவளுக்கு எப்போதும் ஒன்றுதான், இரண்டையும் ஒன்றாக ஒட்டி மணியாக்கிக்கொண்டவள், கேட்ட குழந்தையையோ எழுத அனுப்பிவிட்டார், அது எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவருக்குள் நோய் முற்றியது... தாழ்வாரத்தில் தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம். இப்போது சின்னதாக ஒன்று இருமிக் காட்டினால் போதும், இந்தப் பெண் எழுதிவிடுவாள், எல்லாம் தப்பிக்கும், பள்ளி நாடகத்தில் கிழவியாக இருமாதவளா இவள், வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

"வலிக்குது," என்றாள் டீச்சர். "காலையிலேர்ந்து வலிக்குது. நிஜமாவே."

முணுமுணு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். போய்த் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து மூடியைத் திருகி நீட்டினாள். டீச்சர் குடித்தாள், பிள்ளை அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தது, "போதும், எனக்கும் வேணும்" என்று பிடுங்கிக்கொண்டு இடத்துக்குப் போய்த் தாளைத் தடவி நேராக்கியது. கதவருகே நிழல் விழுந்தது. இப்போது டீச்சர் பார்க்க வேண்டியது கதவை, எழுந்து நிற்க வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், அவள் எழுந்திருக்கவில்லை. பென்சில் தாளில் பட்டுவிட்டது, உதடு அசைகிறது, யாரிடமோ கேட்டுக் கேட்டு எழுதுவதுபோல, யார் சொல்லச் சொல்ல எழுதுகிறாள் என்று டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள், ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.