நடுவில் இருந்த கவர்கள்

பத்து நாளில் மூன்று பேர் காது வீங்கி, சீழோடு வந்து நின்றார்கள். மூவருக்கும் காது குத்தியது நான்தான். ஆனால் என் கையில் என்ன கோளாறு? ஊசி ஆளுக்கு ஒன்று. குத்தியதும் மஞ்சள் டப்பாவில் போட்டுவிடுகிறேன். மிச்சம் இருப்பது காதைப் பிடிக்கிற இடுக்கி. அதைக் கழுவி, கிருமி சாக நீராவி மெஷினில் ஓடவிடுவது அத்தான், என் அக்கா வீட்டுக்காரர். எங்கள் கடைப் பின்னறையில் பச்சை குத்துகிறவர். திங்கட்கிழமை சுகாதார அதிகாரி வருகிறார். இன்னொரு காது வீங்கினால் கடைக்குப் பூட்டுத்தான்.

அத்தான் வாயைத் திறக்காத ஆள். அதுவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்யாதவருக்கு எதற்கு இத்தனை அமைதி? அக்காவிடம் போட்டுக் கொடுத்தேன்.

"உன் வீட்டுக்காரர் மெஷினைப் பாதியிலயே நிறுத்திடுறாருன்னு நினைக்கறேன். சொல்லி வை."

"அவரா?" என்றாள். ஆனால் குரல் இறங்கிவிட்டது.

கையும் களவுமாகப் பிடிக்க, மூன்று நாள் கதவோரம் நின்று செல்போனில் நேரம் பார்த்தேன். மனிதர் இடுக்கிகளைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தார். நான் ஒவ்வொன்றையும் காகிதக் கவரில் போட்டு உள்ளே அடுக்கியதும் கதவை மூடிப் பொத்தானை அமுக்கினார். மெஷின் தானாக நிற்கும்வரை தொடவே இல்லை. சே! அப்படியென்றால் நான் இல்லாத நேரத்தில்தான் ஏதோ செய்கிறார் என்று முடிவு கட்டினேன்.

இன்று மதியம் அவர் சாப்பிடப் போனதும் என் அறைக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன். எல்லாம் பிரித்த காலிக் கவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. ரோஸ் நிறத்தில் இருக்கும், நீராவி பட்டால் பழுப்பாகும். பழுப்பு, பழுப்பு, ரோஸ். இதோ இன்னொரு ரோஸ்! மாட்டினார் என்று துள்ளினேன். அவர் திரும்பி வந்ததும் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்ன அத்தான்? மெஷினைப் போடவே இல்லையா?"

அவர் கவரைப் பார்த்தார். பிறகு போய் மெஷினைத் திறந்தார். காலையில் ஓடி முடிந்த அடுக்கை நான் இன்னும் எடுக்கவில்லை. மேல் கவர் பழுப்பு. கையை விட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவினார். ரோஸ்.

"இப்படி இறுக்கி அடைச்சா நடுவுல ஆவி எப்படிம்மா போகும்? இடைவெளி விட்டு அடுக்கணும்னு மெஷின் மேலயே ஒட்டியிருக்கு. பிரிக்கறப்ப கட்டத்தைப் பாக்கறதில்லையா?"

மேல் கவரைப் பார்ப்பேன். அவ்வளவுதான். போன மாதம் கூட்டம் கூடியதிலிருந்து, இரண்டு தடவையாக ஓடவிட வேண்டியதை ஒரே தடவையில் திணித்ததும் நான்தான்.

அத்தான் தரையில் உட்கார்ந்து கவர்களைப் புரட்டினார். குத்திக்கொண்டவர் பெயரை நான் கவரிலேயே எழுதி வைப்பேன்.

"நேத்து பாப்பாவுக்குக் குத்தினியே, அது எங்க?"

பாப்பா அவர் மகள். குத்தினால் சித்தி கையால்தான் என்று கல்லூரியிலிருந்து நேரே வந்தவள். அவள் கவரை அவரே கண்டெடுத்தார். ரோஸ்.

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. என் செல்போனை எடுத்து அக்காவுக்குப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி என் முன்னால் வைத்தார்.

"நானே கூப்பிட இருந்தேன்," என்றாள் அக்கா. என் எண்ணைப் பார்த்து நான்தான் அழைக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "பாப்பா காது சிவந்து கொதிக்குதுடி. நீ சொன்னது சரிதான். இந்த மனுஷன் ஒழுங்கா செய்யல, இல்ல?"

அத்தான் குனிந்து கவர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவர் இல்லக்கா, நான்தான்," என்றேன். "அவளை இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."