மீசை இடிக்காத தட்டு

அத்தாயியின் வலது கையில் பால் புகட்டும் பாலாடை இருந்தது. இடது கை விரல்கள் அண்ணன் மாதையனின் தாடையை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்திருந்தன. வாய் திறக்கவில்லை. சரிந்த பால் உதட்டோரம் வழிந்து நரைத்த தாடிக்குள் இறங்கியது.

அடுப்படியிலிருந்து ஓடி வந்த ஜெயகுமாரி அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கத்தே."

"ஏன் கண்ணு, உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்குது. கூடப் பொறந்தவ கையால ஒரு வாய் பால் எறங்குனா நிம்மதியாப் போயிருவான்."

"அப்பாவுக்கு வேண்டாங்களாம்."

"அவன் சொன்னானா? பேச்சு நின்னு நாலு நாளாச்சு."

"வாயத் தொறக்கல பாருங்க. அதான் சொல்றாரு."

அத்தாயி காலை முதல் பஸ்ஸில் ஓமலூரிலிருந்து வந்திருந்தாள். அவளோடு வந்த ஐந்தாறு பேர் வாசலில் முறை வைத்துக் காத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பாலாடை பால் ஊற்றினால் மதியத்துக்குள் முடிந்துவிடும், சாயங்காலப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று யாரோ சொன்னது அடுப்படிவரை கேட்டிருந்தது.

ஜெயகுமாரியின் அண்ணன் கோவிந்தராஜ் உள்ளே வந்தான். சேலத்தில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவன். அப்பா படுக்கையில் விழுந்த ஆறு வாரத்தில் மூன்று முறை மலையேறி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"கைய எடு குமாரி. மூணு நாளா ஒண்ணுமே குடுக்கலையாமா நீ? பட்டினி போட்டே கொன்னுட்டாள்னு வெளிய பேசிக்கறாங்க."

ஜெயகுமாரி கையை எடுக்கவில்லை. தான் ஊட்டிய ஊட்டலை இந்த வாசலில் நிற்பவர்களுக்கு எப்படிச் சொல்வது?

மாதையன் மலைமேல் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு லாட்ஜில் முப்பத்தோரு வருஷம் சமையல்காரராக இருந்தவர். எந்த மேசையில் யார் என்ன மிச்சம் வைத்தார்கள் என்று எட்டிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அந்தப் பார்வையையே வீட்டுப் பூனைகள் மேலும் வைத்திருந்தார். மீன் தலைக்காக அவர் பின்னாலேயே வந்த கடுவன் ஒன்று பருப்புச் சோற்றை மோந்துகூடப் பார்க்காததால் அதற்கு, கறி மீன் போடும் மிலிட்டரி ஓட்டல் கணக்கில், மிலிட்டரி என்று பெயர் வைத்தார். அதற்கு முன்பிருந்தே வீட்டில் இருந்த கிழட்டுப் பெட்டை குள்ளச்சி.

ஜெயகுமாரி ஆழமான எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு வைப்பாள். மிலிட்டரி காலை உள்ளே விட்டு, ஒவ்வொரு துண்டாகத் தரையில் இழுத்துப் போட்டுத் தின்னும். திமிர் பிடித்த சனியன் என்று அவள் துடைப்பத்தை எடுத்த ஒரு நாள், கதவு மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாதையன் தடுத்தார்.

"கிண்ணத்து ஓரம் மீசையில இடிக்குது கண்ணு. உம்மூஞ்சிய ரெண்டு பக்கமும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டுத் தின்னுன்னா நீ திம்பியா?"

அதற்கப்புறம் தட்டு தேடுவதே அவருக்கு வேலையாகிவிட்டது. பிளாஸ்டிக் மூடி வைத்தார். ஒரு மாதத்தில் குள்ளச்சியின் தாடையில் கருப்புக் கருப்பாகப் பரு கிளம்பியது. தூக்கி எறிந்தார். அலுமினியத் தட்டு, நக்க நக்க நகர்ந்து சுவர்வரை போய் முட்டியது. கடைசியில் லாட்ஜில் ஓரம் உடைந்ததென்று ஒதுக்கிய இரண்டு பீங்கான் சாசர்களைக் கொண்டுவந்து, உட்கார்ந்து உடைந்த இடத்தை அம்மிக்கல்லில் தேய்த்தார். தட்டையாக, கனமாக, வாசமில்லாமல் இருந்தன. ஒன்று இந்த மூலை, ஒன்று அந்த மூலை. தண்ணீர் இரண்டுக்கும் தள்ளி வேறொரு இடத்தில்.

"ஒரேயடியாக் கொட்டாத சாமி. எலி திங்கற சாதி. எலி எத்தாம்பெருசு? அத்தனதான் ஒரு வேளைக்கு. வெதுவெதுப்பா வெய்யி. வெச்சுட்டு மொறைச்சுப் பாக்காத, திரும்பிக்க."

மாதையனுக்குத் தொண்டையில் கட்டி வந்து சேலத்து ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டார்கள். இரண்டு முறையும் பிடுங்கி எறிந்தார். வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றுவிட்டார்கள். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டவர் தட்டைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஜெயகுமாரி கிண்ணம் நிறையக் கஞ்சியோடு கெஞ்சினாள், அதட்டினாள், அழுதாள். ஒரு நாள் காலை மிலிட்டரிக்குச் சாசரைக் கழுவிக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தினாள். புதிதாக ஒரு சாசர் எடுத்தாள். குழைத்த கஞ்சியில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றிப் பரப்பி, விரலால் சூடு பார்த்து, அவர் கைக்கு எட்டும் முக்காலியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வெகு நேரம் கழித்து ஸ்பூன் பீங்கானில் உரசும் சத்தம் வந்தது. அவள் திரும்பவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

அப்படி ஒரு மாதம், தினம் பத்து முறை, பன்னிரண்டு முறை. போன திங்கட்கிழமை அவர் புறங்கையால் சாசரை மெல்லத் தள்ளினார். அது முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரி இல்லை. சாப்பிட்டு முடித்தவர் தள்ளுவது மாதிரி இருந்தது.

அந்தத் தள்ளல் அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் குள்ளச்சி அப்படித்தான் சாசரிலிருந்து விலகிப் போய்ப் படுத்தது. ஜெயகுமாரி சிரிஞ்சில் மீன் சாற்றை உறிஞ்சிக்கொண்டு அதன் வாயைப் பிளக்கப் போனபோது மாதையன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "அதுக்குப் பசி முடிஞ்சுபோச்சு கண்ணு. இனிமே ஊட்டுனா அது நம்ம ஆசைக்கு."

"ஜெயகுமாரி, உன்னத்தான்." கோவிந்தராஜ் அத்தையின் கையிலிருந்து பாலாடையை வாங்கினான். "நீ நவுரு. நான் ஊத்தறேன். பெத்த மகன், எனக்கு அந்த உரிமை இல்லியா?"

அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். அப்பாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தலை, ஊறப்போட்ட துணிமாதிரி கனத்தது.

"உரிமை இருக்குதுங்ண்ணா. பாலு தொண்டையில எறங்காது, நெஞ்சுக்குள்ளதான் போவும்னு டாக்டரு உங்ககிட்டயும்தான சொன்னாரு? மூச்சு முட்டிச் சாவட்டும்னா ஊத்துங்க. எங்கையத் தாண்டி ஊத்துங்க."

அவள் உள்ளங்கையை அப்பாவின் வாய்மேல் குடைமாதிரி கவிழ்த்தாள். விரலிடுக்கில் வெப்பமான மூச்சு வந்துவந்து போனது.

"ஊரு சிரிக்கும் புள்ள," என்றாள் அத்தாயி.

"சிரிக்கட்டுங்க. தின்ன வெச்சவ நானு. திங்காம இருக்கறதுக்கும் நாந்தான் காவல்."

கோவிந்தராஜ் அவளையே பார்த்தான். இன்னொரு அடி எடுத்து வைக்கப் போகிறவன் மாதிரி நின்றவன், பாலாடையை முக்காலியில் வைத்துவிட்டு வெளியே போனான். அவன் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"பூனைக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாம வளத்து வெச்சிருக்கான்." அத்தாயி பால் சொம்பை எடுத்தாள். "அந்தப் பூனைக்காச்சும் இத ஊத்தட்டுமா? இல்ல அதுக்கும் காவலா?"

"அதுக்கும் ஆவாதுங்கத்தே. வயித்தால போவும்."

அத்தாயி சொம்போடு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மதியம் லாட்ஜிலிருந்து இரண்டு தூக்குவாளியில் தக்காளிச் சோறு வந்தது. மாதையனிடம் வேலை பழகியவர் ஆக்கி அனுப்பியிருந்தார். வாசலில் எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். உப்பு கூடவா குறைவா என்ற பேச்சு கேட்டது. ஜெயகுமாரி கதவைச் சாத்தினாள். காலையிலிருந்து மாறி மாறி எத்தனை கண்கள் அந்த முகத்தைக் குத்திக்கொண்டிருந்தன! ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். எதிரே சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. பின்னால் மூச்சு வந்தது, நின்றது, வந்தது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. வெளியே யாரோ அப்பளம் கேட்டார்கள்.

அவள் உடனே திரும்பவில்லை.

திரும்பியபோது வாய் தானாகத் திறந்திருந்தது.

குளிப்பாட்டி முடித்ததும் தாடையைக் கட்ட வெள்ளைத் துணி வந்தது. ஜெயகுமாரியே வாங்கி, உச்சந்தலைக்குக் கொண்டுபோய் இறுக்கி முடிந்தாள்.

"வாய்க்கரிசி போடணுமே, கொஞ்சம் தளத்தியாக் கட்டு கண்ணு," என்றார் ஓமலூர்ப் பெரியவர் ஒருவர்.

"உதட்டு மேல போடுங்க, போதும்."

பெரியவர் கோவிந்தராஜைப் பார்த்தார். அவன், "அவ சொல்றபடியே போடுங்க," என்றான்.

சாயங்காலம் வாசலில் வரிசை நின்றது. ஆளுக்கொரு பிடி எடுத்து, மூடிய உதட்டின்மேல் தூவிவிட்டுப் போனார்கள். அரிசி கன்னத்தில் சரிந்து காதோரம் தேங்கியது. ஜெயகுமாரியின் முறை வந்தது. அவள் பிடியோடு முகத்தருகே நின்றாள். பிறகு நகர்ந்து, உடம்போடு ஒட்டிக் கிடந்த அவர் வலது கையைப் புரட்டி, எண்ணெய்ச் சூட்டில் வெந்து வெந்து வழுவழுத்துப் போயிருந்த உள்ளங்கையில் அரிசியை வைத்தாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அவள் நிமிர்ந்து ஒரு சுற்றுப் பார்த்தாள். அடங்கியது.

விரல்களை மூடப் பார்த்தாள். மடங்கவில்லை. அரிசி சிந்தியது.

எதிர்ப்பக்கம் நின்றிருந்த அத்தாயி குனிந்தாள். சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அழுத்தி மடக்கினாள். கட்டை விரலை மேலே கொண்டுவந்து வைத்து, அது நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.