நீங்க முதல்ல

கேட்டுக்கு இரண்டு பூட்டு. இந்தத் தெருப் பக்கம் ஒன்று, அதன் சாவி பாதிரியாரிடம். அந்தத் தெருப் பக்கம் ஒன்று, அதன் சாவி மௌலவியிடம். கலவரம் ஓய்ந்தபின் இரண்டு தெருவுக்கும் நடுவே இரும்புக் கேட் போட்டார்கள். ஒரு தரப்பு மட்டும் நினைத்தால் திறந்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. அன்றைக்கு எல்லோருக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

கேட்டைத் தாண்டினால் கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. பூட்டிக் கிடந்தால் கல்குவாரி வழியாக ஊரையே சுற்ற வேண்டும். போன வருடம், இரு தெருவுக்கும் சமாதானக் கூட்டம் நடத்தும் ஒருங்கிணைப்பாளன் தன் மனைவியை அந்த வழியாகத்தான் கொண்டுபோனான். குவாரி மேட்டில் அவள் பேச்சு நின்றது. அதற்குமேல் அதைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அவள் தங்கைக்கு நிறைமாதம். கணவன் கப்பலில். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த வீட்டில்தான் இவனும் இன்னும் இருக்கிறான். கிளம்பிப் போ என்று மாமியார் சொல்லவில்லை, இவனுக்கும் கிளம்பத் தோன்றவில்லை.

"மாப்பிள்ளை, அந்தக் கூட்டத்துல அப்படி என்னதான் பேசறீங்க?" என்று காலையில் மாமியார் கேட்டாள்.

"சமாதானம் பேசறோம் அத்தை."

"பேசிப் பேசி வாய் வலிக்கலையா? ஒரு பூட்டைத் திறக்க இவ்வளவு பேச்சா?"

"இன்னைக்குத் திறந்துடுவாங்க."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. உங்க வாய்க்கு ஒரு பூட்டு போட்டா அதையாவது யாரும் திறக்காம இருப்பாங்க."

மைத்துனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "விடும்மா. பாவம், அத்தானும் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வாரு?"

அவன் நடத்தும் வகுப்புக்குத் தலைமைப் பயிற்சி என்று பெயர். இரு தெருவிலிருந்தும் தேர்ந்தெடுத்த இளைஞர்கள், பெரியவர்கள் என்று ஒரு கூட்டம். எதிராளி பேசும்போது குறுக்கே பேசாதே, எதிராளிக்கு முதலிடம் கொடு, முன்னே நிற்பதைவிட வழிவிட்டு நிற்பவனே தலைவன். இதையெல்லாம் வெள்ளைப் பலகையில் எழுதிப் போட்டவன் அவனே. பயிற்சியின் கடைசி வேலையாகக் கேட்டை நிரந்தரமாகத் திறப்பது என்று முடிவானது. நிறைவு விழாவையே கேட்டடியில் வைத்தார்கள். ஷாமியானா, மைக், இரு பக்கமும் நாற்காலி.

பாதிரியார் சாவியோடு வந்து நின்றார். கம்பிக்கு அப்பால் மௌலவியும் சாவியோடு நின்றார்.

"நீங்க முதல்ல திறங்க ஐயா" என்றார் பாதிரியார்.

"அது முறையா? நீங்க முதல்ல" என்றார் மௌலவி.

"உங்களுக்கு முதல் மரியாதை கொடுக்கணும்னு எங்க பசங்க ஆசைப்படறாங்க."

"எங்க பசங்களும் அதையேதான் சொல்றாங்க ஃபாதர்."

அவன் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை இருவரும் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார்கள். இரு பக்கக் கூட்டமும் கைதட்டியது. சாவி மட்டும் அசையவில்லை. முதலில் திறப்பவன் இறங்கிப்போனவன் என்பது இரு தெருவிலும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திறங்க. நான் மூணு எண்ணுறேன்" என்றான் அவன்.

எண்ணினான். இருவரும் சாவியைப் பூட்டில் நுழைத்து, ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"திரும்ப எண்ணுங்க சார், சரியாக் கேக்கல" என்றான் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற மின்வாரிய மீட்டர் ரீடர். வகுப்பில் முதல் மாணவன். எல்லோரும் அவனை 'லீடர்' என்றே கூப்பிடுவார்கள்.

மறுபடி எண்ணினான். அதே கதை.

"இதுக்கு ஒரு துணைக்குழு போட்டுடலாமே" என்றான் லீடர். "யார் முதல்லன்னு அவங்க பேசி முடிவு பண்ணட்டும். அடுத்த மாசம் விழாவை வச்சுக்கலாம்."

அருமையான யோசனை என்றது இந்தப் பக்கம். அந்தப் பக்கமும் தலையாட்டியது. இத்தனை மாதத்தில் இரு தெருவும் மனமொத்து ஏற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான். அவனுக்கு மைக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

போன் அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, இவளுக்கு வலி வந்துடுச்சு. குவாரி ரோட்டுல நான் இவளைக் கொண்டுபோக மாட்டேன். கேட்டுதா? மாட்டேன்."

அவன் ஓடினான். திரும்பி வந்தபோது காரில் வந்தான். பின்சீட்டில் மாமியார் மேல் சாய்ந்து மைத்துனி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஹாரனை விடாமல் அழுத்தினான். ஷாமியானாக் கயிறு ஒன்று அறுந்தது. நாற்காலிகள் சிதறின. பாதிரியார் காருக்குள் எட்டிப் பார்த்தார், நிமிர்ந்தார், சாவியைத் திருகினார். கம்பிக்கு அப்பால் மௌலவியும் திருகினார். யார் முதலில் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. கேட் கிறீச்சிட்டுத் திறந்தது.

"சீக்கிரம் போங்க சார்" என்றான் லீடர். "அவசரத்துக்கு மட்டும்தான் திறந்திருக்கு. நீங்க போனதும் பூட்டிடுவோம்."

கார் பாதி தாண்டியிருந்தது. அவன் பிரேக்கை அழுத்தினான்.

"என்ன அத்தான்?"

"இறங்கும்மா. அங்க ஆட்டோ நிக்குது பாரு. அத்தை, நீங்களும் போங்க."

"பைத்தியம் பிடிச்சிருச்சா மாப்பிள்ளை?"

"போங்க அத்தை. ஆஸ்பத்திரி அஞ்சு நிமிஷம்தான்."

மாமியார் அவன் முகத்தைப் பார்த்தாள். மறு பேச்சில்லாமல் மகளைக் கைத்தாங்கலாக இறக்கினாள். மௌலவியே ஓடிப்போய் ஆட்டோவுக்கு வழியை மறித்துக் கிடந்த நாற்காலியை இழுத்து ஓரமாகப் போட்டார். ஆட்டோ கிளம்பியது.

அவன் என்ஜினை அணைத்தான். கார் கேட்டுக்கு நட்டநடுவில் நின்றது.

"தம்பி, வண்டியை எடுங்க" என்றார் பாதிரியார், இந்த ஜன்னலில்.

"எடுத்தா பூட்டிடுவீங்க."

"துணைக்குழு பேசி முடிக்கட்டுமே" என்றார் மௌலவி, அந்த ஜன்னலில்.

"பேசட்டும். அதுவரைக்கும் இங்கேயே இருக்கேன்." குரல் உயரவில்லை. "என் வீட்டுக்காரி குவாரி மேட்டுலதான் போனா. அன்னைக்கும் இந்த ரெண்டு சாவியும் ரெண்டு பேர் பையிலதான் இருந்துச்சு. நான் யாரையும் கேக்கல. குழு கூடணும், பேசணும், நேரமாகும்னு நானே முடிவு பண்ணிச் சுத்திக்கிட்டுப் போனேன்."

மௌலவி தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். பாதிரியார் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். பின்னால் யாரோ மைக்கில் டெஸ்டிங் டெஸ்டிங் என்றார்கள்.

வெயில் ஏறியது. கூட்டம் கலைந்தது. நாற்காலி வாடகைக்காரர் நாற்காலிகளை அடுக்கினார். இருவரும் போகவில்லை. காரின் நிழலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

மதியம் போன் வந்தது. "பொண்ணு" என்றாள் மாமியார். "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. நீங்க இன்னும் அங்கேயேதான் குந்திக்கிட்டிருக்கீங்களா?"

"ஆமா அத்தை."

"சாப்பிட்டீங்களா?"

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

எதிரே சிமெண்ட் லாரி ஒன்று வந்து நின்றது. வெளியூர் வண்டி. கேட் திறந்திருக்கிறது, குறுக்குவழி என்று வந்திருக்க வேண்டும். டிரைவர் தலையை நீட்டினார். "யோவ், ரோட்டுக்கு நடுவுல வண்டியைப் போட்டுட்டுத் தூங்குறியா? வழி விடுய்யா!"

வழிவிட்டு நிற்பவனே தலைவன் என்று பலகையில் எழுதியவன் அவன். அவன் பாதிரியாரைப் பார்த்தான். மௌலவியைப் பார்த்தான். இருவர் கையிலும் சாவி இருந்தது, பூட்டு இருந்தது.

லாரி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தது. அவன் ஸ்டியரிங்கை விடவில்லை.