தலைவர் தேடிய மோதிரம்

தன் பல் கோணல் என்பது குற்றாலலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டாவது வயதில்தான் தெரியவந்தது. தெரிவித்தவன் ஒரு போட்டோக்காரன். கரமனைத் தெருச் சங்கத் தலைவர் தேர்தலுக்கு ஃபிளெக்ஸ் வைக்கப் படம் எடுக்க வந்தவன், "சார், வாயை மூடிட்டுச் சிரிங்க" என்றான். வங்கி கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலமெல்லாம் ஊரை மிரட்டியவருக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டுக்கு அடித்துக்கொள்கிறவர்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

மறுநாளே யாருக்கும் சொல்லாமல் பல் டாக்டர் சுஜாவின் முன்னால் போய் வாயைத் திறந்தார்.

"ரெண்டு வழி உண்டு அங்கிள்," என்றாள் டாக்டர். "வெனீர்னா பல்லோட முன்பக்கத்தைக் கொஞ்சம் ராவிட்டு, மேல வெள்ளையா ஒரு ஓடு ஒட்டுவோம். ரெண்டு மூணு தடவை வந்தா போதும். ஆனா ராவின பல்லு பின்ன வளராது, கேட்டோ. அலைனர்னா கண்ணாடி மாதிரி ஒரு உறை. பல்லை மெல்ல மெல்ல நகர்த்தும். ஒன்றரை வருஷம் ஆகும். சாப்பிடவும் காபி குடிக்கவும் மட்டும் கழற்றணும்."

"வெளியே தெரியுமா?"

"வெனீர் பளிச்னு தெரியும். அலைனர் அவ்வளவு தெரியாது."

அலைனரே போதும் என்றார் அவர். காரணம் இருக்கிறது. போன வருஷப் பொதுக்குழுவில், சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் தாணுலிங்கத்தைப் பார்த்து மைக்கிலேயே, "தலைக்கு மை பூசுகிறவர் நாளைக்குச் சங்கக் கணக்கையும் பூசி மெழுகமாட்டார் என்று என்ன நிச்சயம்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கியவர் இவர். அதே தாணுலிங்கம்தான் இப்போது எதிர் வேட்பாளர். இவர் பல்லுக்கு வைத்தியம் பார்ப்பது வெளியே தெரிந்தால் இவருடைய மானம் விழிஞ்ஞம் துறைமுகம் போய்க் கப்பலேறிவிடும்.

"தேர்தல் அடுத்த மாசம். பல்லு நேராகறது ஒன்றரை வருஷம் கழிச்சு. இதுல என்ன லாபம்?" என்றாள், விஷயத்தை எப்படியோ கண்டுபிடித்துவிட்ட மனைவி சிவகாமியம்மாள்.

"பதவி மூணு வருஷம் உண்டுல்லா. பாதிக் காலமாவது நல்ல பல்லோட இருக்கலாமே."

"இத்தனை வருஷம் என்கிட்ட அந்தப் பல்லைக் காட்டிச் சிரிச்சப்போ வராத வெட்கம்!" என்று அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

உறையை மாட்டிய நாளிலிருந்து 'சங்கம்' அவர் வாயில் 'ஷங்கம்' ஆனது. தலைவர் பதவி வருமுன்பே மனுஷனுக்குப் பேச்சு மாறிவிட்டது என்றது தெரு. ஓட்டுக் கேட்கப் போன வீட்டிலெல்லாம் காபி வந்தது. கரமனையில் காபியை வேண்டாம் என்பது ஓட்டையும் வேண்டாம் என்பதற்குச் சமம். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் வாசல் தாண்டியதுமே, "பாத்ரூம் எங்கே?" என்று கேட்டு உள்ளே போய், உறையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். காபி குடித்ததும் மறுபடி ஓடுவார். பாவம், சர்க்கரை முற்றிவிட்டது போலிருக்கிறது என்று மாமிமார் இரக்கப்பட்டார்கள். இரக்கமும் ஓட்டுதான் என்று அவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

வாக்கெடுப்புக்கு முந்தின ஞாயிறு சங்கத்தின் வருஷாந்திர விருந்து. போய் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் தாணுலிங்கம்! மை மின்னும் தலையோடு, "வாங்கோ, வாங்கோ" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து போக வழியில்லை. அவியல் வந்துவிட்டது. குற்றாலலிங்கம் கைக்குட்டையால் வாயைத் துடைப்பதுபோல உறையைக் கழற்றி இலையோரத்தில் அப்பளத்துக்கு அடியில் ஒளித்தார். ஒளித்தவர் பிரதமன் பாயசத்தைக் கண்டதும் உலகத்தை மறந்தார். இரண்டு தரம் வாங்கி, வழித்து, இலையை மடித்து, ஏப்பம் விட்டு எழுந்தார்.

கை கழுவி வாயைக் கொப்பளிக்கும்போதுதான் நாக்கு உறையில்லாத பல்லில் பட்டது. அப்படியே திரும்பி ஓடினார். பந்தியில் வேறு இலை, வேறு ஆட்கள்.

மண்டபத்துப் பின்புறம் எச்சில் இலைகளைக் குவித்துக்கொண்டிருந்தாள் மாடம்மாள். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். சங்கத்து விருந்து ஒவ்வொன்றிலும் இலை எடுப்பவள் அவள்தான். வெள்ளை வேட்டிக்காரர் குவியலுக்குள் கையை விட்டதைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஐயா, என்னத்தைத் தேடுதீய?"

"மோதிரம்," என்றார். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

"அய்யோ, நீங்க கை வைக்காதீய. நான் பார்க்கேன்," என்று அவள் குந்தி உட்கார்ந்து இலை இலையாக விரித்தாள். பாவம், தன் மோதிரமே போனமாதிரி தேடினாள். கொஞ்ச நேரத்தில் பச்சடி ஒட்டிய ஏதோ ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். "இதென்ன ஐயா, பல்லு மாதிரி! உங்களுதா?"

அவர் கையை நீட்டப் போனார். பின்னால் தாணுலிங்கத்தின் குரல் கேட்டது. "என்ன குற்றாலம், இங்கே என்ன சோலி?"

"என்னுது இல்லை," என்றார் குற்றாலலிங்கம் மாடம்மாளிடம். அவள் அதைக் குப்பைத் தொட்டியில் வீசினாள். விலையுயர்ந்த பல் உறை சாம்பார் வாளிக் கழுவலுக்குள் முங்கிப்போனது. கை முழுக்க எச்சிலோடு நிற்கும் மனிதர் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. "ஒண்ணுமில்லை, இவளுக்கு ஒரு கை கொடுக்கலாமேன்னு," என்று நாலு இலையை அள்ளினார்.

தாணுலிங்கம் போனை எடுத்தார். 'நம்ம வேட்பாளருக்கு விருந்து இன்னும் முடியவில்லை' என்று எழுதித் தெரு வாட்ஸாப் குழுவில் படத்தைப் போட்டார். மானத்தை வாங்கிவிட்டதாக நினைத்துத்தான் போட்டார். குழுவோ கும்பிடு பொம்மைகளால் நிரம்பி வழிந்தது. 'என்ன எளிமை!' 'தொண்டு என்றால் இது!' யாரோ ஒரு புண்ணியவான் மாடம்மாளை வெட்டிவிட்டு, குற்றாலலிங்கத்தையும் இலைகளையும் மட்டும் பெரிதாக்கி அனுப்பினான். வருஷக்கணக்காக அவள் எடுத்த இலைக்கு ஒரு கும்பிடு விழுந்ததில்லை. இவர் எடுத்த நாலு இலைக்குத் தெருவே ஓட்டுப் போட்டது.

முதல் கமிட்டிக் கூட்டத்தில், தோற்றும் கமிட்டியில் இடம் பிடித்திருந்த தாணுலிங்கம் எழுந்தார். "தலைவரே இலை எடுக்கையில் கூலிக்கு ஆள் எதுக்கு? அவரை முன்னால் வைத்து நாமே எடுப்போம். மாடம்மாளை நிறுத்திரலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். குற்றாலலிங்கம் வாயைத் திறந்தார். நான் தேடியது என் பல் உறையை ஐயா, என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வேலை தப்பும். எதிரே தாணுலிங்கத்தின் தலை கருகருவென்று மின்னியது. அந்த வாய் நாளைக்கு மைக்கில் என்னென்ன பேசும் என்று நினைத்தார்.

"ஷரி," என்றார்.

இரண்டு நாள் கழித்து மாடம்மாள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஏசப்போகிறாள் என்று பயந்தபடி அவர் வெளியே வந்தார். அவள் முகத்தில் கோபமே இல்லை.

"ஐயா, அந்த மோதிரம் கிடைச்சுதா? அதைக் கேட்கணும்னே இருந்தேன்."

புதிதாகச் செய்து மாட்டிய உறை தெரியாதபடி உதட்டை இறுக்கிக்கொண்டு, "ம்," என்றார்.

"நல்லதாப் போச்சு. இனி பத்திரமா வச்சுக்கோங்க. அடுத்த விருந்துக்கு என்னை வரண்டாம்னு சொல்லிட்டாங்க. தொலைஞ்சா தேடித்தர ஆள் இருக்காது."

அவள் கும்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள். உள்ளேயிருந்து சிவகாமியம்மாள் காபி ஆறுகிறது என்று கூப்பிட்டாள். அவர் உறையைக் கழற்றாமல் அங்கேயே நின்றார்.